தலைக்கு மேலே ஒரு குடுவை

கல்யாணமாகாத இளைஞர்களுக்கும், ஆகியும் திருந்தாத இளைஞர்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் வீட்டு சீலிங்கில் சாம்பார் கிண்ணத்தைக் கவிழ்த்து ஒட்டினாற்போல் ஒரு லைட் இருக்கிறதே, அதன் கவரைக் கடைசியாக எப்போது கழற்றினீர்கள்?

ரொம்ப யோசிக்காதீர்கள். கழற்றியிருக்க மாட்டீர்கள். நானும் கழற்றியதில்லை, போன மாதம் வரை.

நான் குடியிருப்பது மூக்கண்டப்பள்ளி. ஓசூரை ஒட்டி, சிப்காட்டுக்குத் தோளோடு தோளாக நிற்கிற ஊர். வடக்கே கொஞ்ச தூரம் போனால் ஜூஜூவாடி, அதைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். காலையில் ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வரும்போது தெருமுனையில் நின்றால் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இந்தி, ஒடியா எல்லாம் ஒரே டீக்கடையில் கேட்கும். மூன்று போர்ஷன், மேலே ஒரு ஒற்றை அறை, மாடிப்படிக்கு அடியில் எல்லாருக்கும் பொதுவான மீட்டர் போர்டு. இதுதான் எங்கள் வீட்டின் பூகோளம்.

பாத்ரூமுக்குப் போகிற வழியில் உள்ள லைட் ஃப்யூஸ் போனது ஒரு புதன்கிழமை. எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். வயது எழுபத்து மூன்று. ராத்திரி இரண்டு முறை எழுந்திருப்பார். வழியில் ஒரு படி, படிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் ஈரம். வியாழன் ராத்திரி சுவரைத் தடவிக்கொண்டு போனவர் படியில் தடுமாறி வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

"ஒண்ணும் ஆகலைடா, நீ தூங்கு" என்றார். இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள் எத்தனை பேரை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்! பிறகு எங்கே தூங்குவது?

எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். "அரை மணியில் வர்றேன் சார்" என்றார். எலக்ட்ரீஷியன்களின் அரை மணி என்பது நம்முடைய காலண்டரில் இல்லாத ஒரு அளவு. சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அந்த அரை மணி முடியவில்லை.

"ஒரு பல்பு மாத்தறதுக்கு எலக்ட்ரீஷியன் எதுக்குங்க? நீங்களே ஏறுங்க" என்றாள் மனைவி.

நான் பி.காம். டெபிட் எது, கிரெடிட் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஹோல்டர் எது, டூம் எது என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. இருந்தாலும் மனைவி சொல்லிவிட்டால் பி.காம். என்ன, எம்.காம். என்ன? ஏற வேண்டியதுதான்.

சனி ராத்திரி நான் செய்த திருப்பணியை வரிசையாகச் சொல்கிறேன். இவை எல்லாமே செய்யக்கூடாதவை.

ஒன்று, பிளாஸ்டிக் சேர் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். இரண்டு, லைட் சுவிட்சை மட்டும் அணைத்தேன். மூன்று, கையில் ஸ்டீல் செயின் வாட்ச். நான்கு, குடுவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தம் கட்டித் திருகினேன், தப்பான பக்கத்தில்!

கடைசித் தப்புக்கு என் பகுத்தறிவுதான் காரணம். பாட்டில் மூடியை இடப்பக்கம் திருகினால் திறக்கும். இதுவோ தலைகீழாக இருக்கிறது. ஆகவே வலப்பக்கம் திருக வேண்டும் என்று முடிவு கட்டினேன். ஏற்கெனவே இறுகியிருந்ததை இன்னும் பத்து நிமிஷம் இறுக்கிவிட்டுக் கீழே இறங்கினேன்.

இதில் பெரிய அவமானம் என்ன தெரியுமா? 1980-களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையை இந்த ஊரில்தான் தொடங்கினார்கள். நாட்டுக்கே கடிகாரம் கட்டிவிட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, முள் எந்தப் பக்கம் சுற்றும் என்று தெரியாமல் ஒருத்தன்!

ஆகவே முதல் பாடம். வாட்ச் கட்டிய கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். டயல் உங்களைப் பார்க்கட்டும். முள் போகிற திசையில் திருகினால் குடுவை இறுகும்; எதிர்த்திசையில் திருகினால் கழலும். கீழிருந்து அண்ணாந்து பார்க்கும்போது கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அதுதான் கணக்கு. மூளையைத் தலைகீழாக்க வேண்டாம். திசையைத் தெரிந்துகொண்டதும் வாட்சைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிடுங்கள். மோதிரம், கைச்சங்கிலி, பிரேஸ்லெட் எல்லாம் அதன் பக்கத்திலேயே இருக்கட்டும். மின்சாரத்துக்கு உலோகம் என்றால் உயிர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஞானம் பிறந்தது. மாடி அறையில் ஒரு தம்பி இருக்கிறார். திருவண்ணாமலைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸில் வேலை. அவரிடமிருந்து மர ஏணி வாங்கி வந்தேன். இந்தத் தடவை சுவிட்சோடு விடவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய் எங்கள் போர்ஷன் மெயினையே கீழே தள்ளிவிட்டு வந்தேன். போர் வீரன் மாதிரி ஏணியில் நான்கு படி ஏறி, கையை மேலே தூக்கினேன்.

ஹாலிலிருந்து அம்மாவின் குரல்.

"ஏண்டா, மெயினை அணைச்சிட்டேன்னியே... ஃபேன் சுத்துதே?"

கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

இன்வெர்ட்டர்! 2008-லிருந்து சில வருஷம் தமிழ்நாடு பூராவும் மின்வெட்டு படுத்திய பாடு ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு இன்வெர்ட்டர் வந்தது. மின்வெட்டு குறைந்த பிறகும் அது போகவில்லை, உறவுக்காரர் மாதிரி தங்கிவிட்டது. மெயினை அணைத்தால் அது என்ன நினைக்கும்? 'கரண்ட் போய்விட்டது, எசமானர் இருட்டில் கஷ்டப்படுவார்' என்று நினைத்து, கடமை உணர்ச்சியோடு அந்த நொடியே கரண்டை அனுப்பும். ஃபேனுக்கு மட்டுமில்லை, நான் கை வைக்கப்போன லைட்டுக்கும்.

'பேட்டரி 12 வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?' என்று கேட்காதீர்கள். உள்ளே போவது 12 வோல்ட். அதை உயர்த்தி வெளியே தள்ளுவது கிட்டத்தட்ட 230 வோல்ட். மின்வாரியம் கொடுத்தாலும் இன்வெர்ட்டர் கொடுத்தாலும் ஷாக் ஒன்றுதான்.

இறங்கினேன். முழங்கால் லேசாக ஆடியது. மாடித் தம்பி நடந்ததைக் கேட்டுவிட்டு, சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"அண்ணா, கம்பெனியில இப்படிச் செஞ்சா கேட்டுக்கு வெளிய அனுப்பிடுவாங்க" என்றார். மேலே போய் ஒரு சின்னப் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

தொழிற்சாலையில் ஒரு மெஷினைப் பிரிக்கிறவர் முதலில் அதன் மெயினை அணைப்பார். அடுத்து அந்த சுவிட்சுக்குத் தன் சொந்தப் பூட்டைப் போடுவார். சாவி அவர் சட்டைப் பையில். பூட்டில் ஒரு அட்டை தொங்கும்: 'ஆள் வேலை செய்கிறார், தொடாதே.' இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு, ஐந்து பேர் என்றால் ஐந்து பூட்டு. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றும்வரை மேனேஜரே வந்தாலும் மெஷின் ஓடாது. லாக்-அவுட், டேக்-அவுட் என்று பெயர். உலகம் முழுக்க உள்ள வழக்கம்.

"வீட்ல எதுக்குத் தம்பி பூட்டு?" என்றேன்.

"மீட்டர் போர்டு பொதுவுல இருக்கு. நீங்க ஏணி மேல இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா வந்து, 'அய்யோ பாவம், இவங்க மெயின் விழுந்திருக்கு'ன்னு தூக்கி விட்டுட்டா?"

யோசித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா நிச்சயமாகத் தூக்கி விடுவார். அவ்வளவு நல்ல மனசு!

போர்டுக்கு மரக்கதவு இருந்தது. அதில் பூட்டைப் போட்டோம். அட்டை எழுதுவதில்தான் சிக்கல். தமிழில் எழுதினோம். நடு போர்ஷனில் தெலுங்கு. கடைசி போர்ஷனில் கன்னடம். பின்னால் ஷெட்டில் இருக்கிற பையன்களுக்கு இந்தி. நான்கு மொழியில் எழுத எங்கள் இருவருக்கும் படிப்பு போதாது. கடைசியில் ஒரு மண்டை ஓடும் இரண்டு எலும்பும் வரைந்தோம். மூக்கண்டப்பள்ளிக்கு ஏற்ற ஆட்சி மொழி அதுதான்.

பிறகு இன்வெர்ட்டர். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இன்வெர்ட்டரின் முன்பக்க சுவிட்சை மட்டும் அணைத்தால் பல மாடல்களில் பேட்டரி சப்ளைதான் நிற்கும். மெயின் கரண்ட் அதன் வழியாகவே போய்க்கொண்டிருக்கும். மெயினை மட்டும் அணைத்தால் பேட்டரி முந்திக்கொள்ளும். ஆகவே இரண்டையும் அணைக்க வேண்டும். அணைத்த பிறகு இன்வெர்ட்டர் லைனில் உள்ள ஃபேன், லைட் ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ஒன்றுகூட உயிரோடு இருக்கக்கூடாது. ஃப்யூஸ் போன பல்பை நம்பாதீர்கள். அது கரண்ட் இருந்தாலும் எரியாது, இல்லாவிட்டாலும் எரியாது.

பாக்கெட்டில் செருகுகிற டெஸ்டரும் அப்படித்தான். அது எரிந்தால் கரண்ட் இருக்கிறது. எரியாவிட்டால்? கரண்ட் இல்லாமலும் இருக்கலாம், டெஸ்டர் செத்துப்போயும் இருக்கலாம், வெயில் வெளிச்சத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். மெயினை அணைப்பதற்கு முன்னால் உயிருள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து டெஸ்டர் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இன்னொன்று, குடுவையைக் கழற்றும்வரை டெஸ்டரை உள்ளே விட வழியில்லை. ஆகவே கழற்றி, வைத்துப் பார்க்கும்வரை அங்கே கரண்ட் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வேஷம் போட வேண்டும். மேலே இருப்பது கண்ணாடி, கீழே இருப்பது என் முகம். பாதுகாப்புக் கண்ணாடிக்கு எங்கே போவது? தம்பி என் பைக் ஹெல்மெட்டை எடுத்து நீட்டினார். 1980-இல் டி.வி.எஸ். 50 பிறந்த ஊரில் ஹெல்மெட்டுக்கா பஞ்சம்? வைசரை இறக்கிக்கொண்டு, சமையலறை ரப்பர் கிளவுஸைப் போட்டுக்கொண்டு, கால்சட்டை ஷூவோடு ஏணி ஏறினேன். தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டார். என் பெண் ஓடிப்போய், "அம்மா, அப்பா நிலாவுக்குப் போறாரு" என்றாள்.

போகட்டும். குடுவை ஏன் சிக்கிக்கொள்கிறது? பெரும்பாலும் நான்கு காரணங்கள். பெயின்டர் அதைக் கழற்றாமல் சீலிங்கோடு சேர்த்து வெள்ளையடித்திருப்பார், பெயின்ட்டே பசையாகிவிடும். இரும்பு வளையம் துருப்பிடித்திருக்கும். பல்பின் சூட்டில் ரப்பர் வாஷர் உருகி ஒட்டியிருக்கும். அல்லது உள்ளே சூடான காற்று ஆறும்போது சுருங்கி, குடுவையை மேலே இழுத்துப் பிடித்திருக்கும். எரிந்துகொண்டிருந்த லைட்டை அணைத்ததும் கை வைக்கக்கூடாது. அரை மணியாவது ஆறட்டும் (எலக்ட்ரீஷியனின் அரை மணி அல்ல).

முதலில் இது எந்த ஜாதி என்று பாருங்கள். பக்கவாட்டில் மூன்று சின்ன ஸ்க்ரூ இருந்தால் திருகவே வேண்டாம். ஒரு கையால் குடுவையைத் தாங்கிக்கொண்டு ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் போதும். நடுவில் ஒரு பித்தளைக் குமிழ் இருந்தால் அதுதான் பூட்டு. ஒன்றுமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் மரை வைத்தது, அல்லது லேசாக மேலே தள்ளித் திருப்புகிற பிளாஸ்டிக் ரகம். ஃபால்ஸ் சீலிங்கில் பதித்த தட்டை எல்.ஈ.டி. என்றால் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் கிளிப் இருக்கும். எலிப்பொறி மாதிரி விரலைக் கவ்வும், ஜாக்கிரதை.

என்னுடையது மரை ரகம், பெயின்ட் ஒட்டியது. கட்டர் பிளேடால் குடுவையும் வளையமும் சேருகிற கோட்டில் மெதுவாகச் சுற்றிக் கீறினேன். ஒரு நண்பர், "ஹேர் டிரையர் காட்டு, இளகிவிடும்" என்று போனில் சொன்னார். மெயினை அணைத்துவிட்டு ஹேர் டிரையரை எதில் சொருகுவது என்று கேட்டேன். போனை வைத்துவிட்டார். பெட்ரோல், தின்னர் என்று யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள். பிளாஸ்டிக் கவர் வெடித்துப் போகும். நெருப்புக்கும் அழைப்பிதழ் வைத்த மாதிரி.

அடுத்து, அட்டைப்பெட்டி ஒட்டுகிற அகலமான பிரவுன் டேப். குடுவையின் அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு துண்டு ஒட்டி, நுனிகளை மடித்துக் கைப்பிடி மாதிரி விட்டேன். இதில் இரண்டு லாபம். கண்ணாடி வழுக்காது, உடைந்தாலும் தூள் தலையில் கொட்டாமல் டேப்பிலேயே தொங்கும். உள்ளங்கையால் சுற்றிலும் செல்லமாகத் தட்டினேன். பிறகு லேசாக மேலே அழுத்தி, முள்ளுக்கு எதிர்த்திசையில்...

'க்ரக்.'

அவ்வளவுதான். சனி ராத்திரி பத்து நிமிஷம் அசையாதது, ஞாயிறு காலை ஒரு நிமிஷத்தில் குழந்தை மாதிரி கைக்கு வந்தது. உள்ளே அரை டம்ளர் செத்த பூச்சி. பெயர் தெரியாத ஒரு பல்லியின் எலும்புக்கூடு. நான் ஜெயித்துவிட்ட மாதிரி கீழே பார்த்தேன். தம்பி கீழே பார்க்கவில்லை, மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, கை வைக்காதீங்க. எறங்குங்க."

ஹோல்டருக்குப் போகிற ஒயர் கருகியிருந்தது. எந்தக் காலத்திலோ 60 வாட் குண்டு பல்பு போட்டு, மூடிய குடுவைக்குள் வருஷக்கணக்கில் வெந்திருக்கிறது. மேல் உறை உதிர்ந்து, உள்ளே செம்பு பல்லைக் காட்டிக்கொண்டு, இரும்பு வளையத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றது. குடுவையைப் பிடிக்கும்போது விரல் தானாகப் போய்ப் படுகிற அதே வளையம்.

எலக்ட்ரீஷியன் செவ்வாய்க்கிழமை வந்தார். பார்த்தார். "சுவிட்சை நியூட்ரல்ல கொடுத்து வெச்சிருக்காங்க சார்" என்றார் சாதாரணமாக. அதாவது, சுவிட்சை அணைத்தாலும் லைட் எரியாது, அவ்வளவுதான். பேஸ் கரண்ட் ராப்பகலாக அந்தக் கருகிய ஒயரில் காத்துக்கொண்டிருக்கும். சனி ராத்திரி பத்து நிமிஷம் நான் ஸ்டூல் மேல் நின்று திருகியது அதைத்தான். உங்கள் வீட்டில் அணைத்த பிறகும் எல்.ஈ.டி. பல்பு மினுக் மினுக் என்று மங்கலாக எரிந்தால் இதையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள்.

எவ்வளவு கரண்ட் பட்டால் ஆபத்து? 9 வாட் எல்.ஈ.டி. பல்பு ஒன்று எடுப்பது ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். அவ்வளவு உடம்பில் சில நொடி பாய்ந்தால் இதயம் தாளம் தப்பப் போதும். போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே என்று தைரியம் வேண்டாம். 6 ஆம்பியர் எம்.சி.பி. 6,000 மில்லி ஆம்பியர் வரைக்கும் பேசாமல் இருக்கும். அது ஒயரைக் காப்பாற்ற வந்தது, உங்களை அல்ல.

உங்களைக் காப்பாற்ற வந்தவர் பெயர் ஆர்.சி.சி.பி. இவர் என்னைப் போல ஒரு காமர்ஸ் ஆசாமி. பேஸில் போன கரண்ட் டெபிட். நியூட்ரலில் திரும்பி வந்த கரண்ட் கிரெடிட். இரண்டும் டேலி ஆக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், 'பாக்கி எங்கே? யார் உடம்பு வழியாகப் போனது?' என்று கண்ணிமைக்கும் நேரத்தில் கடையைச் சாத்திவிடுவார். இவருக்கும் ஒரு பலவீனம் உண்டு. நீங்கள் ஒரு கையால் பேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் கணக்கு சரியாக டேலி ஆகிவிடும். அவர் பேசாமல் இருப்பார். இன்வெர்ட்டர் லைனையும் இவர் கவனிக்கிறாரா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இவர் இல்லவே இல்லை. இப்போது இருக்கிறார்.

குடுவையைக் கழற்றும்போது உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, கண்ணாடியில் கீறல் இருந்தாலோ வீரத்தை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். மாடிப்படிக்கு மேலே தொங்குவதையும் விட்டுவிடுங்கள். ஷாக் அடிக்காவிட்டாலும் விழுந்தால் எலும்பு எலும்புதான். திரும்ப மாட்டும்போது குடுவையைக் கழுவி, நன்றாகக் காயவைத்து, கையால் மட்டும் இறுக்குங்கள், அதுவும் லேசாக. அடுத்த தடவை கழற்றப்போவதும் நீங்கள்தான்.

ஹவுஸ் ஓனரிடம் சொன்னேன். "உங்களுக்கு முன்னாடி இருந்தவங்க ஆறு வருஷம் இருந்தாங்க சார். ஒருத்தரும் அதைக் கழட்டலை" என்றார், குற்றம் என்னுடையது போல.

1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து மின்சாரம் எடுத்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. எங்கள் பக்கத்துக்கு மின்சாரம் புதுசு அல்ல. சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பேர் தினமும் பூட்டு, அட்டை, ஹெல்மெட், ஷூ என்று எட்டு மணி நேரம் ஒழுங்காக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அதே ஆசாமி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சேர் மேல் ஸ்டூல் போடுகிறார். கம்பெனியில் பாதுகாப்பு ஆபீசர் இருக்கிறார், வீட்டில் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு. எங்கள் வீட்டில் இருந்தார். ஹாலில், ஃபேனுக்கு அடியில், கீரை ஆய்ந்துகொண்டு.

புது லைட் வந்த ராத்திரி அம்மா இரண்டு மணிக்கு எழுந்து, சுவிட்சைப் போட்டு, படியில் நிதானமாக இறங்கிப் போய்விட்டு வந்தார். நான் விழித்திருந்தேன்.

"நல்லா வெளிச்சமா இருக்குடா" என்றார். படுக்கப் போனவர் திரும்பி, "இனிமே எது கழட்டறதா இருந்தாலும், ஃபேன் நின்னப்புறம் ஏறு" என்றார்.

மாடித் தம்பி அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்ததை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார்.